மணல் தாத்தாவும் பிளவுண்ட தேசமும்

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் மாலை வேளைகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. மூன்று வயதுக் குழந்தை திரைமுன் அமர்ந்திருக்கும். வாய் பாதி திறந்திருக்கும், கண் இமைக்காது. பாட்டியின் கையிலுள்ள சோற்றுக் கவளம் ஆறிக்கொண்டிருக்கும். ‘இந்தப் பொம்மைப் படத்தில பிள்ளைக்கு அப்படி என்னதான் இருக்கு, சாமி? நூறு தடவை பாத்ததையே பாக்குது. நிறுத்தினா வீடே ரெண்டாகுது’ என்று அத்தகைய பாட்டி ஒருவர் நம்மிடம் கேட்டார். நாம் புன்னகைத்து, குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி கூறிவிட்டு வந்துவிட்டோம். வினா மட்டும் நம்முடன் வந்தது.

இவ்வினாவுக்கு உளவியலார் ஒரு விடை கூறுவர். கல்வியாளர் வேறொரு விடை கூறுவர். வரலாறும் ஒரு விடையை வைத்திருக்கிறது என்பது நம் எண்ணம். ஒரே மொழி பேசிய மக்கள் இரு நாடுகளாகப் பிரிக்கப்பட்டனர். இரு நாடுகளும் தத்தம் மழலையர்க்கென ஒரே கதைமாந்தரைத் தொலைக்காட்சியில் தனித்தனியே படைத்தன. அவ்விருவருள் ஒருவர் மட்டும், தம்மைப் படைத்த நாடே மறைந்துபோன பின்னும் நிலைத்து நின்றார். ஜெர்மனியில் நிகழ்ந்த இவ்வரலாற்றைச் சற்றே நின்று நோக்கினால், பாட்டியின் வினாவுக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

மணல் தூவும் கிழவர்

ஐரோப்பியத் தாய்மார் தம் பிள்ளைகளை உறங்கவைக்கச் சொல்லும் கதைகளில் மணல் மனிதர் ஒருவர் வருவார். இரவில் ஓசையின்றி வந்து குழந்தைகளின் கண்களில் நுண்மணலைத் தூவுவார்; இமைகள் கனத்து மூடும். காலையில் கண்ணோரத்தில் உறைந்திருக்கும் பீளையே அவர் வந்து போனதற்குச் சான்று என்பார்கள். ஜெர்மானியர் அவரைச் செல்லமாகச் ‘சாண்ட்மென்ஷென்’ என்பர். ‘சின்ன மணல் மனிதன்’ என்பது அதன் பொருள். நாம் இங்குப் பேசவிருக்கும் பொம்மைக்கு வெண்தாடி உண்டாதலின், அவரை ‘மணல் தாத்தா’ என்றே அழைப்போம்.

இவர் தொடக்கமுதல் அன்பானவராய் இருந்தவரல்லர். 1816-இல் வெளிவந்த ஹாஃப்மனின் ‘மணல் மனிதன்’ என்னும் கதையில், உறங்க மறுக்கும் பிள்ளைகளின் கண்களில் மணலை வீசி, அக்கண்களைக் கொண்டுபோய் நிலவில் வாழும் தம் குஞ்சுகளுக்கு இரையாக்கும் கொடியவராகச் செவிலி ஒருத்தி அவரைச் சித்திரிக்கிறாள். அக்கதையின் நாயகனை அந்த அச்சம் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. கால் நூற்றாண்டு கழிந்து, 1841-இல், டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் இதே மரபிலிருந்து ‘ஓலே லுக்கோயே’ என்னும் மென்மையான கிழவரை உருவாக்கினார். அவர் கையில் இரு குடைகள். நல்ல பிள்ளைகளின்மேல் படங்கள் நிறைந்த குடையை விரிப்பார். அவர்கள் இரவெல்லாம் இனிய கனவு காண்பர். குறும்புக்காரர்மேல் வெறுங்குடையை விரிப்பார். அவர்களுக்குக் கனவே இல்லை. அச்சம் குறைந்தது, ஆயினும் நிபந்தனை நீங்கவில்லை.

1893-இல் வைமார் நகரில் ஹம்பர்டிங்கின் ‘ஹான்செலும் கிரேட்டலும்’ என்னும் இசை நாடகம் அரங்கேறியது. காட்டில் வழி தவறிய அண்ணனும் தங்கையும் இருளைக் கண்டு நடுங்குகையில் மணல் மனிதர் தோன்றி, அவர்களை அமைதிப்படுத்தி, கண்களில் மணலைத் தூவிவிட்டு மறைகிறார். உடனே குழந்தைகள் இருவரும் மாலைச் செபத்தைப் பாடிவிட்டு உறங்குகின்றனர். பதினான்கு வானதூதர் இறங்கிவந்து சூழ்ந்து நின்று காவல் காக்கின்றனர். மணலும் செபமும் அடுத்தடுத்து நின்ற மேடை அது. இதனை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் இதற்கு மீள்வோம்.

ஒன்பது நாள் முந்தல்

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி 1949-இல் இரு நாடுகளாயிற்று. மேற்கே முதலாளிய நாடுகளின் சார்பு. கிழக்கே சோவியத் சார்புடைய பொதுவுடைமை ஆட்சி. பெர்லின் நகரமும் இரண்டாகப் பிளவுண்டது. 1961 ஆகஸ்ட் 13 அன்று சுவர் எழும்பத் தொடங்கும்வரை அந்நகரே திறந்த வாயிலாய் இருந்தது. கிழக்கு ஜெர்மனி தோன்றியது முதல் சுவர் எழும்பியது வரை 25 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்நாட்டைத் துறந்து மேற்கே சென்றனர் என்பதை எண்ணினால், ஒவ்வோர் உள்ளத்தையும் தன்பால் வைத்துக்கொள்ள அவ்வரசு எத்துணைத் துடித்திருக்கும் என்பது விளங்கும். மேலும், எல்லைக் காவலர் மனிதரைத் தடுக்கலாம். தொலைக்காட்சி அலைகளைத் தடுக்க இயலாது. ஒரு வீட்டின் மாலைப் பொழுது எந்த நாட்டின் நிகழ்ச்சிக்குச் சொந்தமாகும் என்பது அன்று அரசியல் வினாவாயிற்று.

1959-இல் மேற்கு பெர்லினின் ஒலிபரப்பு நிறுவனத்தில் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் தேர்ந்த இல்ஸ ஓப்ரிக் என்னும் பெண்மணி, மணல் தாத்தாவைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரும் திட்டத்தை வகுத்தார். இச்செய்தி கிழக்கு பெர்லினுக்கு எட்டியது. அங்கு 1958 முதற்கொண்டே ‘மாலை வாழ்த்து’ என்னும் பெயரில் குழந்தைகளுக்கான சிறு நிகழ்ச்சி ஒளிபரப்பாகி வந்தது. மேற்கை முந்த வேண்டும் என்னும் வேகத்தில் வேலை முடுக்கிவிடப்பட்டது. கெர்கார்ட் பேரண்ட் (1929–2006) என்னும் பொம்மலாட்டக் கலைஞர் சில வாரங்களுக்குள் பொம்மையை வடித்தார். வோல்ப்கங் ரிக்டர் பண்ணமைத்தார். வால்டர் கிரும்பாக் பாட்டெழுதினார். 1959 நவம்பர் 22 அன்று கிழக்கின் மணல் தாத்தா திரையில் தோன்றினார். மேற்கின் மணல் தாத்தா வந்ததோ டிசம்பர் 1 அன்று. ஒன்பது நாள் வேறுபாடு!

விண்வெளியில் யார் முந்துவது என்று வல்லரசுகள் போட்டியிட்ட காலம் அது. பிள்ளைகளைப் படுக்கைக்கு அனுப்புவதில் யார் முந்துவது என்றும் இரு அரசுகள் போட்டியிட்டன என்பதை இன்று எண்ணுகையில் நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன.

கிழக்கின் பொம்மை ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் உயரமே உடையது. கூம்பிய தொப்பி, உருண்ட கரிய விழிகள், முகவாயில் வெள்ளைத் தாடி. அத்தாடி நாட்டுத் தலைவர் வால்டர் உல்பிரிக்டின் தாடியை ஒத்திருப்பதாகப் பெரியவர்கள் தமக்குள் நகையாடிக்கொண்டதும் உண்டு. குழந்தைகளோ அதில் அரசியலைக் காணவில்லை. தாத்தாவின் தாடியும் குழந்தையின் முகமும் ஒன்றாய் அமைந்த ஒரு சிறு உருவத்தையே கண்டனர். அவர்களினும் மூத்தவர், ஆனால் அவர்களைவிடச் சிறியவர். அஞ்சுவதற்கு அங்கு ஒன்றுமில்லை.

இப்படங்களை எடுத்த முறையும் அறியத்தக்கது. பொம்மையின் கையை மயிரிழையளவு நகர்த்துவர்; ஒரு படம் எடுப்பர்; மீண்டும் நகர்த்துவர்; மீண்டும் ஒரு படம். ஒரு விநாடி அசைவுக்கே இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் தேவை. மணல் தாத்தா ஊர்தியிலிருந்து இறங்கிக் கையசைப்பதற்குள் கலைஞர் ஒருவரின் ஒரு நாள் உழைப்பே கரைந்துபோகக்கூடும். அப்பொறுமையினாலேயே அவருடைய நடையில் ஒரு நிதானம் படிந்தது. அவசரம் அவரிடம் இல்லை. அவரைக் காணும் குழந்தையிடமும் அது தணிந்தது.

தெருமுனையில் உறங்கியவர்

நிகழ்ச்சியின் அமைப்பு மிக எளியது. மணல் தாத்தா ஏதேனும் ஓர் ஊர்தியில் வருவார், பிள்ளைகளைக் காண்பார், ஒரு சிறு கதைப்படத்தைக் காட்டுவார், பையிலிருந்து மணலை எடுத்துத் தூவுவார், திரையிலுள்ள பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக் கொட்டாவி விடுவர், அவர் கையசைத்துச் சென்றுவிடுவார். தொடக்கத்திலும் முடிவிலும் அதே பாட்டு. மொத்தம் பத்து நிமிடம் அளவே. கிழக்கின் மணல் தாத்தா வாய் திறந்து பேசுவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. ‘நேரமாயிற்று, போய்ப் படு’ என்று அவர் ஒருநாளும் கட்டளையிட்டதில்லை.

முதல் நிகழ்ச்சியின் முடிவில் நேர்ந்த ஒன்று அந்நாட்டில் இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. எல்லாப் பிள்ளைகளையும் உறங்கவைத்த மணல் தாத்தா, தாமும் களைத்து, குளிர்காலத் தெருவின் மூலையொன்றில் அமர்ந்து உறங்கிவிடுவதாக அதனை அமைத்திருந்தனர். அழகிய முடிவு என்று படைத்தோர் கருதியிருத்தல் கூடும். பார்த்த குழந்தைகளுக்கோ அது பொறுக்கவில்லை. வெளியில் குளிராயிற்றே, தாத்தா தெருவில் கிடக்கிறாரே என்று கலங்கினர். என் படுக்கையில் இடம் இருக்கிறது, வந்து படுத்துக்கொள்ளட்டும் என்னும் கருத்தமைந்த மடல்கள் நிலையத்திற்கு வந்து சேர்ந்தன. பின்னாளில் வழக்கமாகிவிட்ட முடிவில் அவர் தெருவில் உறங்குவதில்லை. தம் ஊர்தியேறிப் புறப்பட்டுவிடுகிறார்.

இந்நிகழ்வை நாம் எளிதில் கடந்துவிடலாகாது. குழந்தை திரையிலிருந்து ஏதோ ஒன்றைப் பெறுகிறது என்றே நாம் எண்ணுகிறோம். அதனால்தான் ‘அதில் அப்படி என்ன இருக்கிறது?’ என்று வினவுகிறோம். அந்தப் பிஞ்சுகள் பெறுவதற்கு மட்டும் அங்கு அமர்ந்திருக்கவில்லை. கொடுப்பதற்கும் ஆயத்தமாய் இருந்தன. தம்மைத் தூங்கவைத்தவரைத் தூங்கவைக்க முன்வந்தன. மூன்று வயதுப் பிள்ளை தன் வீட்டில் எல்லாவற்றையும் பிறரிடமிருந்தே பெறுகிறது. யாருக்கும் எதையும் கொடுக்கும் நிலையில் அது இல்லை. தன்னிலும் சிறிய ஒருவர் தன் உதவியை நாடும் நிலையில் தோன்றும்போது, அது முதன்முறையாகப் பெரிய மனிதனாகிறது. மழலையர் நெஞ்சைக் கவர்ந்த கதைமாந்தர் பலர் சிறியவராய், தடுமாறுபவராய், காப்பதற்கு ஒருவரை வேண்டுபவராய் அமைந்திருப்பது தற்செயல் அன்று.

இதனையொட்டி மற்றொரு நிகழ்வும் உண்டு. மாலை வாழ்த்தின் கதைகளில் 1962-இல் ‘பிட்டிபிளாட்ச்’ என்னும் கரிய உருண்டைக் குட்டிச்சாத்தான் அறிமுகமானான். பொய் சொல்வான், பிடிவாதம் பிடிப்பான், எதையாவது கவிழ்த்துவிட்டு விழிப்பான். இவன் பிள்ளைகளைக் கெடுத்துவிடுவான் என்று கல்வியாளர் சிலர் எதிர்ப்புத் தெரிவிக்கவே, அவன் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டான். பிள்ளைகள் விடவில்லை, அவனைக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் அவன் திரும்பி வந்தான், பல்லாண்டு நிலைத்தான். எல்லாவற்றையும் மேலிருந்து தீர்மானித்த ஓர் அரசு, தன் குடிகளுள் மிகச் சிறியவர்களுக்கு இணங்கிப்போன அரிய தருணங்களுள் இஃது ஒன்று எனலாம்.

ஊர்திகளும் கொடிகளும்

மேற்கின் மணல் தாத்தா மேகத்தில் மிதந்து வந்தார். கிழக்கின் மணல் தாத்தாவோ கார், தொடர்வண்டி, படகு, ஹெலிகாப்டர், பறக்கும் பலூன், ஏவூர்தி என்று ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வண்டியில் வந்தார். மான்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் பனிநாட்டுக்குச் சென்றார், ஆப்பிரிக்கப் பிள்ளைகளைச் சந்தித்தார், வியட்நாமுக்குப் போனார். இன்று என்ன வண்டி என்று அறியும் ஆவலே பல குழந்தைகளைத் திரைமுன் அமர்த்தியது. நாள்தோறும் மாறாத ஒரு சட்டகம். அதனுள் நாள்தோறும் மாறும் ஒரு புதுமை. முற்றிலும் புதியது குழந்தையை மிரட்டும். முற்றிலும் பழையது சலிப்பூட்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியை அப்பொம்மைக் கலைஞர்கள் கண்டறிந்திருந்தனர். பாட்டி குறைப்பட்டுக்கொண்ட ‘பாத்ததையே பாக்குது’ என்பதன் பொருள் இங்குதான் விளங்குகிறது. மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கு நாளை என்ன நேரும் என்பது தெரியாது. அடுத்து என்ன வரும் என்று தனக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரே இடம் அந்தப் பத்து நிமிடமே. அங்கு அது அறியாமையில் தவிப்பதில்லை, அறிந்தவனாய் வீற்றிருக்கிறது.

எனினும் வரலாற்றை இனிப்பாக மட்டும் எழுதுதல் நேர்மையாகாது. அந்த வண்டிகளுக்கு மற்றொரு முகமும் இருந்தது. மணல் தாத்தா அரசின் இளைஞர் அணியினரான ‘முன்னோடி’களின் முகாம்களுக்குச் சென்றார், படைவீரரைக் கண்டார், புதிதாய் எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இறங்கினார். எங்கள் நாடு வளர்கிறது, எங்கள் நண்பர்கள் இவர்கள் என்னும் பாடம், மணலோடு சேர்ந்து மெல்லத் தூவப்பட்டது. இன்னொரு முரணும் உண்டு. பலூனிலும் விமானத்திலும் உலகெங்கும் பறந்த அத்தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர், தம் நகரத்தின் மறுபாதிக்குள் கால்வைக்க இயலாதவராய் இருந்தனர். பெர்லின் சுவரில் மட்டும் உயிரிழந்தோர் குறைந்தது 140 பேர். ஒரு பொம்மை கடந்த எல்லைகளை மனிதர் கடக்க முயன்றபோது குண்டுகள் பாய்ந்தன. அவ்வாட்சியின் இனிய நினைவாக மணல் தாத்தாவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, சுவரை மறந்துவிடுதல் மாண்டோர்க்கு இழைக்கும் தீங்காகும்.

1978 ஆகஸ்ட் 26 அன்று சிக்முண்ட் யேன் என்னும் கிழக்கு ஜெர்மானியர் சோவியத் விண்கலத்தில் புறப்பட்டார். விண்வெளிக்குச் சென்ற முதல் ஜெர்மானியர் அவரே. அவரது உடைமைகளுள் ஒரு மணல் தாத்தாப் பொம்மையும் இருந்தது. உடன் சென்ற சோவியத் வீரர் வலேரி பிக்கோவ்ஸ்கியிடம் மாஷா என்னும் பெண் பொம்மை இருந்தது. சல்யூட் 6 விண்நிலையத்தில், வீரர்கள் விளையாட்டாக அவ்விரு பொம்மைகளுக்கும் மணம் முடித்துவைத்தனர். இரு நாடுகளின் நட்பைப் பறைசாற்றும் பெரும் பயணத்தின் நடுவே, வளர்ந்த ஆண்கள் எடையற்று மிதந்துகொண்டு பொம்மைக் கலியாணம் நடத்திய காட்சியை எண்ணிப் பாருங்கள். அரசு அனுப்பியது தன் புகழ்க்கொடியை. அவ்வீரர்கள் கண்டதோ தம் பிள்ளைகளின் விளையாட்டுத் தோழரை.

கொள்கைப் பாடம் என்னவாயிற்று? அரசு தூவியவற்றுள் எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்பதைக் காலம் காட்டிற்று. அந்நிகழ்ச்சியைக் கண்டு வளர்ந்த தலைமுறையினர் பலர் 1989-இன் இலையுதிர் காலத்தில் கையில் மெழுகுவர்த்தி ஏந்தித் தெருவில் இறங்கினர். முன்னோடி முகாம்களின் பாடம் அவர்களைத் தடுக்கவில்லை. ஆயினும் மணல் தாத்தாவை அவர்கள் வெறுக்கவில்லை. குழந்தை, தட்டில் வைத்த அனைத்தையும் உண்பதில்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவிடுகிறது.

நாடு மறைந்தது, தாத்தா நின்றார்

1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தது. மேற்கின் மணல் தாத்தா அதே ஆண்டிலேயே திரையிலிருந்து விடைபெற்றிருந்தார். 1990 அக்டோபர் 3 அன்று இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. இணைப்பு என்று பெயரே தவிர, கிழக்கின் சட்டங்கள், பணம், தொழிற்சாலைகள், நிறுவனங்கள் ஆகியன ஒவ்வொன்றாய் மறைந்தன. கிழக்கின் தொலைக்காட்சி நிலையமும் இணைப்பு உடன்படிக்கையின்படி 1991 டிசம்பர் 31-உடன் மூடப்பட்டது. மணல் தாத்தாவும் அதனோடு மறைவார் என்னும் பேச்சு எழுந்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பு மடல்கள் குவிந்தன. ஆலையை இழந்தபோது வாய் திறக்காதவர்களும் ஒரு பொம்மைக்காகக் குரல் எழுப்பினர். புதிதாய்த் தோன்றிய கிழக்குப் பகுதி நிலையங்கள் அவரை ஏற்றுக்கொண்டன. 1997-இல் தொடங்கப்பெற்ற நாடு தழுவிய குழந்தைகள் அலைவரிசை வழியாக மேற்கின் பிள்ளைகளும் அவரைக் கண்டனர். இன்றும் மாலை 6.50-க்கு அவர் வருகிறார்.

இதில் ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. மேற்கின் மணல் தாத்தாவைத் தோற்றுவித்த மேற்கு பெர்லின் நிறுவனமும், கிழக்கின் தாத்தாவை ஏற்றுக் காத்த பிராண்டன்பர்க் நிறுவனமும் 2003-இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. 1959-இல் ஒன்பது நாள் முந்துவதற்காக மூச்சிரைக்க ஓடிய இரு தரப்பாரின் வழித்தோன்றல்களும் இன்று ஒரே கூரையின்கீழ் ஒரே தாத்தாவைப் பேணுகின்றனர்.

மக்கள் ஏன் அவரைக் கைவிடவில்லை? இழந்த நாட்டின்மேல் கொண்ட ஏக்கம் என்பர் சிலர். அதுவும் ஓரளவு உண்மையே. ஆனால் ஏக்கம் முதியோரின் உணர்வு. 1997-க்குப் பின் பிறந்த குழந்தைக்குக் கிழக்கு ஜெர்மனி என்றொரு நாடு இருந்ததே தெரியாது. அக்குழந்தையும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கையசைக்கிறது என்றால், காரணம் வேறாக இருத்தல் வேண்டும்.

விடைபெறத் தெரிந்த நிகழ்ச்சி

நாம் கருதும் காரணம் இது. தொலைக்காட்சி என்பது பார்ப்போரைத் தன்முன் இருத்திவைப்பதற்கென அமைந்த கருவி. ஒரு நிகழ்ச்சி முடியுமுன் அடுத்ததன் ஆசையைக் காட்டும். இன்றைய கைப்பேசியிலோ ஒரு படம் முடிந்ததும் மற்றொன்று தானே தொடங்கிவிடுகிறது; முடிவு என்பதே அங்கில்லை. மணல் தாத்தா இதற்கு நேர்மாறானவர். பார்ப்போரைத் திரையிலிருந்து எழுப்பிப் படுக்கைக்கு அனுப்புவதே அவருடைய ஒரே பணி. அவர் வருவதே விடைபெறுவதற்காக. குழந்தை ‘இன்னும்’ என்று கேட்கும்முன் மணல் விழுந்துவிடுகிறது. திரையே ‘போதும்’ என்று சொல்லும்போது, பெற்றோர் பகைவராவதில்லை.

பிரிவு குழந்தைக்கு அச்சமூட்டுவது. உறக்கமும் ஒரு பிரிவே; அன்னையை விட்டு, வெளிச்சத்தை விட்டு, தான் அறிந்த உலகத்தை விட்டு இருளுக்குள் செல்லும் பயணம் அது. ஆண்டர்சன் தம் கதையின் இறுதியில் ஓலேயின் உடன்பிறப்பாக மரணத்தைக் காட்டியது வீணன்று. ஹாஃப்மன் கதையின் செவிலி அப்பயணத்திற்கு அச்சத்தைத் துணையாக்கினாள். பெர்லினின் பொம்மைக் கலைஞர்களோ ஒரு தோழரைத் துணையாக்கினர். போகிறவர் நாளை மீண்டும் வருவார் என்பதை நாள்தோறும் மெய்ப்பித்துக் காட்டினர். போனவர் திரும்புவார் என்று ஆயிரம் மாலைகள் கண்ட குழந்தைக்கு இருள் அத்துணை ஆழமாய்த் தோன்றாது. அந்நிகழ்ச்சியின் கவர்ச்சிக்கு வேர் இதுவே என்போம்.

இங்கே 1893-இன் இசை நாடகத்திற்கு மீள்வோம். அங்கே மணலை அடுத்துச் செபம் வந்தது, வானதூதர் வந்தனர். கடவுளை மறுத்த அரசு நடத்திய நிகழ்ச்சியில் மணல் மட்டும் எஞ்சியது. ஆயினும் அச்செபத்தின் வடிவம் அதில் ஒட்டியே இருந்தது என்பது நம் கருத்து. குறித்த வேளை, மாறாத பாட்டு, அதே செய்கை, நாள் முடிந்தது என்னும் அறிவிப்பு, காப்பவர் ஒருவர் உளர் என்னும் உறுதி ஆகியவை நூற்றாண்டுகளாக மடங்களிலும் இல்லங்களிலும் இரவுச் செபம் செய்துவந்த பணியேயாகும். அந்தப் பசியை அரசு உருவாக்கவில்லை. அது ஏற்கெனவே குழந்தையிடம் இருந்தது. பொம்மைக் கலைஞர்கள் அதனை மதித்தார்கள்; அதனால் அவர்களது படைப்பு அரசைக் கடந்து வாழ்ந்தது.

எனவே பாட்டிக்கு நாம் கூற வேண்டிய விடை இதுவாகும். பொம்மைப் படத்தில் குழந்தை தேடுவது புதுமையையன்று, ஒழுங்கை. அறிவுரையையன்று, துணையை. வேடிக்கையை மட்டுமன்று, தான் அன்பு செலுத்தத்தக்க சிறிய ஓர் உயிரை. இறுதியாக, அது அழுவது படம் நின்றதற்காக மட்டும் அன்று. யாரும் விடைபெறாமல், கையசைக்காமல், பாதியில் அறுந்துபோனதற்காகவும்தான். கருவியைப் பிடுங்கும் கை குழந்தைக்கு விடைகொடுக்கும் கையாக மாறுமாயின், அழுகை ஓரளவேனும் தணியும்.

சில கிழமைகள் கழித்து அதே இல்லத்திற்கு மீண்டும் சென்றோம். ஜெர்மனியையும் சுவரையும் பற்றி ஏதும் சொல்லவில்லை. ‘அம்மா, படம் முடியும்போது நீங்களும் பக்கத்தில உட்கார்ந்து, அந்தப் பொம்மைக்குக் கையைக் காட்டி, போய் வா, நாளைக்குப் பாக்கலாம்னு பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்க. பிறகு நிறுத்துங்க. அதுக்கப்புறம் தினமும் அதே செபம், அதே பாட்டு’ என்றோம். பாட்டி சற்று நேரம் நம்மைப் பார்த்தார். ‘நாங்க அந்தக் காலத்தில நிலாவுக்கு அப்படித்தான் சாமி கையைக் காட்டுவோம்’ என்றார்.

நாம் பெர்லின் வரை சென்று தேடிய விடை அவர் வீட்டு முற்றத்திலேயே இருந்திருக்கிறது.